முழுக்கையும் உப்பிய ஜாக்கெட்

இன்று காலை இந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு பேஷன் என்றால் என்னவென்றே தெரியாதாம்.

எனக்கு வயது தொண்ணூற்று நாலு. (டைப் அடிப்பதும் நானேதான்.) பதில் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். துணிக்குக் கன்ட்ரோல், ரேஷனில் அளந்துதான் கொடுப்பார்கள்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியில் அம்மா, சித்தி எல்லாருக்கும் முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கைதான். எனக்கோ பள்ளிக்கூட டீச்சர் போடுவது போல, தோளில் மட்டும் புஸ்ஸென்று உப்பிய ஜாக்கெட் மேல் ஆசை.

பென்னாகரத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து ஊதா நிறத்தில் ஒரே துண்டுத் துணி கிடைத்தது. தையல்காரரிடம் நானே கொண்டுபோனேன்.

"அண்ணா, அம்மாவுக்கு ரவிக்கை. எனக்கு ஜாக்கெட். தோளு நல்லா உப்பலா இருக்கணும்ங்க."

"ஆகட்டும் பாப்பா."

கல்யாணத்துக்கு முதல் நாள் போய்ப் பிரித்துப் பார்த்தால், ஜாக்கெட்டின் கை ரெண்டும் மணிக்கட்டு வரைக்கும் தலையணை உறை மாதிரி உப்பியிருந்தது!

"அம்மா ரவிக்கை எங்கண்ணா?"

"நீ கேட்ட தோளுக்கே துணி பூரா சரியாப் போச்சு பாப்பா."

அவர் வீட்டில் பேசுவது கன்னடம். கன்னடத்தில் தோளு என்றால் தோள்பட்டை இல்லை, கை முழுவதும். இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா கொதித்துப் போனாள். பழைய ரவிக்கையோடு அவள் கல்யாணத்துக்கு வரவேண்டுமே.

"நாளைக்கு நீ இதயேதான் போட்டுக்கிட்டு வர்ற. நாலு பேரு சிரிச்சாங்கன்னு வையி, ஆயுசுக்கும் உனக்கு முடிச்சு ரவிக்கைதான்."

மறுநாள் அதையே போட்டேன். தலை நிமிர்ந்தே கல்யாண வீட்டுக்குள் போனேன்.

பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாப்பா இது, இப்பிடி உப்பிக்கிட்டு இருக்குது?"

"இது பெங்களூர் பேஷனுங்க."

"நானே பெங்களூர்ல இருந்துதான் வர்றேன். அங்க யாரும் இப்பிடிப் போடலியே."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இனிமேத்தான் அங்க வரும்ங்க," என்றேன்.

அவர் என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த அத்தை தன் மகளைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு கைய நல்லாப் பாத்துக்க. ஊருக்குப் போனதும் இதே மாதிரி தெச்சுக்கலாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இலையைப் பார்த்தாள்.

ஆக, பெங்களூருக்கு அந்தப் பேஷனை அனுப்பி வைத்தது நான்தான். இல்லை என்பவர்கள் கமெண்டுக்கு வரலாம்.