ரிஜெக்ட் பெட்டி இல்லாத வகுப்பு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள் கண்ணில் ஒழுங்கான பீஸ் நிற்காது; பழுது மட்டும்தான் நிற்கும். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதைக் கண்டாலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் தள்ளுவதுதான் பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு.

மனச்சோர்வு எனக்கு இரண்டு தரம் வந்து போயிருக்கிறது. உங்களில் யாருக்காவது வந்திருந்தால் தெரியும், போன பிறகும் பயம் போகாது. மறுபடி வருமோ என்று தினமும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். இரண்டாம் தரம், மகள் கல்யாணத்தன்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பிறகு அவள் உண்டாகி ஏழாம் மாதம் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அதற்குள் மூன்றாம் தரம் வந்துவிடக் கூடாதே முருகா என்று டாக்டரிடம் போனேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, மனதைக் கவனிக்கப் பழக்கும் வகுப்புக்கும் அனுப்பினார். ஞாயிறுதோறும் எட்டு வாரம், அனுப்பர்பாளையத்தில்.

திராட்சை

முதல் நாள் ஆளுக்கொரு உலர்திராட்சை. இதற்கு முன் பார்த்தே இராததுபோலப் பார்த்து, முகர்ந்து, மெதுவாகத் தின்ன வேண்டுமாம். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னுடையதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினேன். காம்பு ஒட்டியிருந்தது. ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். அதில் ஒரு பக்கம் வெளுப்பு. மூன்றாவதற்குக் கை நீட்டியபோது, என் வேலையைக் கேட்டுவைத்திருந்தவர் தட்டை இழுத்துக்கொண்டார்.

"அம்மா, இங்க ரிஜெக்ட் பெட்டி இல்லீங்க. கைக்கு வந்ததத் தின்னுங்க."

படுத்தபடி ஒரு வேலை

மூன்றாம் வாரம் பாயில் படுக்க வைத்து, கால் விரலில் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கச் சொன்னார். வெளியே பாத்திரப் பட்டறைச் சத்தம். மூச்சோடு முருகன் பேரையும் சேர்த்துக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை. பாதம் சரி, முழங்கால் சரி என்று மேசையில் பீஸ் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டே நெஞ்சுக்கு வந்தேன். அங்கே ஒரு பாரம். பழைய பாரம். மனசு சட்டென்று ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, "வந்துருச்சுங்க" என்று அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெஞ்சு இறுக்கமா இருக்குது, அது நெசம். 'வந்துருச்சு'ங்கறது நீங்க ஒட்டுனதுங்க."

மகளிடம் கொடுத்த சீட்டு

மறுபடி வருவதற்கு முன் என்னென்ன அடையாளம் தெரியும் என்று எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார்கள் வகுப்பில். விளக்குப் போடாமல் விடுவேன், போன் எடுக்கமாட்டேன், போட்ட டீயைக் குடிக்காமல் ஆறவிடுவேன் என்று எழுதி, மகளைப் பார்க்கப் போனபோது கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். சீட்டை மடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அங்க வந்தப்பறம் இப்படி ஆச்சுன்னா, நான் உன்னையப் பாக்கறதா, நீ என்னையப் பாக்கறதாம்மா?"

தோள்பட்டை ஓட்டை

ஏழாம் வாரம், பேக்கிங் முடிந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்த, சரக்கு வாங்கும் பையர் கம்பெனி ஆள், ஒரு குழந்தைச் சட்டையின் தோளில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். என் மேசைப் பீஸ். "ஏனுங்க்கா, கண்ண ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் சூப்பர்வைசர் கேட்டார். அவ்வளவுதான். ஒரு சட்டையைக்கூடப் பார்க்கத் தெரியாதவள் கையில் பச்சைப் பிள்ளையைக் கொடுப்பார்களா என்று உள்ளே ஓட ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. பக்கத்து மேசை ஜெபமணி அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"ஏட்டி, ஓட்ட சட்டையிலதான் இருக்கு, நீ ஏன் ஒன்னயப் போட்டுக் கிழிக்க?"

விளக்கு

சிரித்தேன், ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. இரண்டு நாள் விளக்குப் போடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டீ மேல் ஆடை படிந்திருந்ததைப் பார்த்தேன். சீட்டில் எழுதிய மூன்றும் சேர்வதற்குப் போன் ஒன்றுதான் பாக்கி. முருகன் படத்தின் முன் நின்றேன். பாதம் தரையில் இருக்கிறது. மூச்சு வருகிறது, போகிறது. 'நீ எதுக்கும் ஆகமாட்டாய்' என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வருகிறது என்று மட்டும் பார்த்தேன். பாரம் இறங்கவில்லை. ஆனால் கை போன் பக்கம் போனது. சொன்னால் மகள் பிரசவத்துக்கு வரமாட்டாள், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "கண்ணு, ரெண்டு நாளா வெளக்குப் போடலை. டீயும் ஆறிப்போச்சு. நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறேன்" என்றேன். கேட்டுவிட்டு மகள் சொன்னாள்:

"நீ சொல்லாம மறைச்சிருந்தீன்னா வந்திருக்கமாட்டேன். வளைகாப்பு முடிஞ்சதும் வாரேன், மொதல்ல வெளக்கப் போடு."

இப்போது பேத்திக்கு நாற்பது நாள். எந்தக் குறையும் தேடாமல்தான் கையில் வாங்க வேண்டும் என்று எட்டு வாரம் பழகியும், இருபது விரலையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ் போட்டேன்.