காந்தப் பட்டையும் தையற்கார அக்காவும்

எங்கள் தெருத் தையற்கார அக்காவுக்கு ‘எப்படித் தெரியும்’ என்றே பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். ஞாயிறுதோறும் அவர் கடையில் கூடும் எங்கள் ஏழு பேருக்கும் அந்தக் கேள்விதான் பாடம்.

நாளெல்லாம் நின்றபடி துணி தேய்ப்பவள் நான். ஒரு ஞாயிறு முட்டியில் காந்தப் பட்டையோடு போனேன்.

"வலி போயே போச்சுக்கா!"

"காந்தத்தாலதான்னு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் முட்டி, எனக்குத் தெரியாதா?"

அக்கா சண்டைக்கு வரவில்லை. எட்டுப் பட்டைகள் தைத்தார். அவர் கொழுந்தன் நான்கில் காந்தமும் நான்கில் பித்தளையும் வைத்து மூடினார். எதில் எது என்று அக்கா உட்பட எங்கள் எட்டுப் பேரில் யாருக்கும் சொல்லவில்லை. ஊசியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க மாட்டோம் என்று சத்தியம் செய்து, அவரவருக்கு வலிக்கிற இடத்தில் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டோம்.

ஒரு மாதம் கழித்து, என் வலி குறைந்த தெம்பில் மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா முதலில் தன் பட்டையைப் பிரித்தார்.

"என் கழுத்துவலி பறந்துபோச்சு. எனக்குக் காந்தம்தான், சந்தேகமே இல்ல."

விழுந்தது பித்தளை. அக்கா கண்ணில் நீர்வரச் சிரித்தார். "ஊரையே கேட்டேன், என் கழுத்தைக் கேக்காம விட்டுட்டேனே!"

என்னுடையதும் பித்தளைதான். அவர் முந்திக்கொண்டு சிரித்திருக்காவிட்டால் வெட்கத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டேன். மறுநாளே முட்டியை டாக்டரிடம் காட்டினேன்.

"உங்களாலதான்க்கா எனக்குப் புத்தி வந்துச்சு" என்றேன், நெஞ்சு நிறைந்து.

"எப்படித் தெரியும்?" என்றார்.