யாரோடும் விரோதம் இல்லை

புனேயிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ரஞ்சன்காவ் ஃபாக்டரி போகும்வரை என் பக்கத்து சீட்டில் அவர்தான். ஒல்லியான ஆள், மழமழவென்று மழித்த முகம். கையிலிருக்கும் செய்தித்தாளுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார். எந்தப் பத்திரிகை படிக்கிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். தமிழர் என்பதைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியாது. அந்த அட்டை மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

அந்த வாரம் புனேயில் ஒரு நாடகத்தைத் தடை செய்யச் சொல்லி ஒரே கூச்சல். டி.வி.யைப் போட்டால் அதே சண்டை. பஸ்ஸிலும் ஒரு சூப்பர்வைசர் சீட் சீட்டாக வந்து மராத்தியில் கேட்டார்: "நாடகத்துக்கு உங்க விரோத் உண்டுதானே?" எல்லோரும் தலையாட்டினார்கள்.

இவர் மட்டும் தட்டுத்தடுமாறிய மராத்தியில், "விரோதமா? எனக்கு யாரோடயும் விரோதம் இல்லையே, அண்ணா" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. "மதராஸிக்குக் கேள்வியே புரியல" என்று சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விட்டார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணே, நம்ம விரோதம் வேற. மராத்தியில விரோத்னா வெறும் எதிர்ப்புதான்."

"தெரியும் தம்பி. பொறந்தது இதே புனே, கட்கியில. படிச்சது மராத்தி ஸ்கூல்."

"அப்போ நாடகம் நடக்கட்டும்னு சொல்றீங்களா?"

காலண்டர் தாளை இழுத்து மூடிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருக்காகக் கேக்கறீங்க?"

மறுநாள் அவர் வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தார். அத்தனை நாளும் நான்தான் அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.