படத்தில் ஐந்து பேர்

பிள்ளைகளா, ஆட்களை எண்ணுவது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, அந்த வேலையைத்தான் ராமேஸ்வரம் கப்பல்துறையில் செய்துகொண்டிருந்தார். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, பெயரை உரக்க வாசித்துப் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மேஜை, நான்கு குமாஸ்தாக்கள். கப்பல் வரும் நாளில் நூற்றுக்கணக்கில் ஆட்கள். மணல் பறந்து வந்து மைக்கூட்டில் விழும் என்பார்.

அப்போது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரே பாஸ்போர்ட்தான்; அதில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒரே படம். படத்திலுள்ள தலைகளும் எதிரே நிற்கும் தலைகளும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தக் குடும்பம் கொட்டகையிலேயே கிடக்க வேண்டியதுதான். அக்கரையிலிருந்து கடிதம் வர வாரக்கணக்காகும்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில். நான் ஐந்தாம் வகுப்பு. மாமா லீவில் வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு குடும்பம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றது. புருஷன், பெண்சாதி, இரண்டு பையன்கள். வண்டலூர் பக்கம் கல் உடைக்கிறார்களாம். மாமாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

அம்மா நான்கு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இன்னொண்ணு தாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

தாகம் போலிருக்கிறது என்று அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதைத் தரையில் வைத்து, "மெதுவா குடி" என்றாள். அங்கே யாரும் இல்லை. பையன்கள் இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த இடத்தில் உட்காரப் போனேன். பெரியவன் கையை நீட்டித் தடுத்தான்.

"அங்கன தங்கச்சி இருக்கு."

சின்னவன் சிரிக்கவில்லை. நான் பின்வாங்கி, கிணற்றடியில் மாமாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். புருஷன் அங்கே அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"புள்ள பேர அடிச்சிருங்க ஐயா. கப்பல் ஏற ரெண்டு நாளைக்கு முன்னாடி காய்ச்சல்ல போயிருச்சு. நாந்தேன் மண்ணு போட்டேன். இவளும் பாத்தா."

"தெரியும்பா. நீ அழுதே, நான் அஞ்சு பேரும் வந்தாச்சுன்னு எழுதிட்டேன். இப்போ அடிச்சா, ஏன் எழுதினேன்னு மேலே இருக்கிறவன் கேப்பான். என் வேலை போயிடும். உங்களையும் இழுப்பான்."

"நீங்க அந்தப் பேர வாசிச்சீங்கள்ல, அன்னையிலேருந்துதான் ஐயா இவ இப்பிடி. சர்க்காரே எழுதியிருக்குங்கிறா. நேத்து தண்டவாளத்துல நடுவுல நின்னுட்டா. புள்ள இன்னும் தாண்டலையாம். ரயில் வருது, நகர மாட்டேங்கிறா. கேட்டுக்காரன்தான் இழுத்துப் போட்டான்."

மாமா புருஷனோடு உள்ளே போய் அந்தப் பெண்ணின் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் பாஸ்போர்ட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"வாசிங்க ஐயா. இவருக்குக் கேக்கட்டும்."

மாமா கப்பல்துறையில் வாசிப்பது போலவே வாசித்தார். புருஷன் தலையாட்டினான். அவள் தலையாட்டினாள். பெரியவனும் ஆட்டினான். நான்காவது பெயர் ஒரு பெண்பிள்ளையின் பெயர்.

"இருக்கா" என்றாள் அவள்.

மாமா பாஸ்போர்ட்டை மூடினார். "இல்லம்மா. அவ வரல. நான் பொய் எழுதினேன். வேணும்னா மேலே இருக்கிறவங்ககிட்டயே எழுதிக் கொடுக்கிறேன். வேலை போனா போகட்டும்."

அவள் மாமாவை இரக்கத்தோடு பார்த்தாள். "அம்புட்டுப் பேரப் பாக்குறீங்க. ஐயாவுக்கு மறந்துபோச்சு" என்றாள். பாஸ்போர்ட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள். எல்லோரும் வெளியே போன பிறகும் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, இன்னும் ஒருவர் வெளியே வரும் நேரம் நின்றுவிட்டுத்தான் சாத்தினாள்.

மாமா சொன்னபடி எழுதிக் கொடுத்தார். வேலையும் போயிற்று. அந்தப் பெயரை அடித்தார்களா, அவள் நம்பினாளா, எங்களுக்குத் தகவல் வரவில்லை. அன்று எனக்கு மாமாவின் மேல்தான் கோபம். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டு, ஒரு சின்னப் பெண்ணை இல்லை என்கிறாரே, அவள் எங்கே போவாள் என்று நினைத்தேன். ஒருவரை உள்ளே விட்டதற்காக அவர் எதைக் கொடுத்தார், அந்தத் தாய் எதை விட மறுத்தாள் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ரயில் இல்லை. எதிர்ப்பக்கம் ஆளும் இல்லை. கையை நீட்டி, "இப்போ வா" என்றேன். அவள் தாண்டி வரும் நேரம் அப்படியே நின்றேன். பிறகு வீட்டைப் பார்த்து மெதுவாக நடந்தேன், ஒரு சின்னப் பிள்ளை கூட வருகிற வேகத்தில்.