நாங்கள் என்று எழுதியது

கண்டிக்கு அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஒரு பார்சல் நிலையத்தில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். மேற்பார்வை என்றால் மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பது. அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

கலகெதர என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று எங்களுக்குப் பக்கத்தில், குருநாகல் வீதியில். மற்றது கொழும்புப் பக்கம், பாதுக்கைக்கு அருகில். கண்டிக்காரர்களான எங்களுக்கு எங்களுடையதுதான் கலகெதர. மற்றது யாரோ கேளாமல் எடுத்துக்கொண்ட பெயர். ஆகவே கலகெதர என்று போட்ட எல்லாப் பார்சலையும் எங்கள் வேனிலேயே ஏற்றினோம். பாதி திரும்பி வந்தது.

இதைத் திருத்தியவள் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். ஆறு மாத ஒப்பந்தம். முடிவில் நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பி, தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கலகெதர என்று கண்டால் பெறுபவருக்குப் போன் எடுத்து, கிட்ட உள்ள டவுன் கண்டியா பாதுக்கையா என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்பாள். பார்த்துப் பார்த்து, பார்சல் பிரிக்கும் மேசையில் வேலை செய்த மற்ற மூவரும் அதைப் பழகிக்கொண்டார்கள். பார்சல் திரும்புவது நின்றது.

தலைமை அலுவலகம் என்னை ஒரு பயிற்சிச் செயலமர்வுக்கு அழைத்தது. "ஒருவர் கற்றது குழுவுக்குச் சொந்தம், குழு கற்றது நிறுவனத்துக்குச் சொந்தம். அறிக்கையில் 'நான்' வேண்டாம், 'நாங்கள்' என்று எழுதுங்கள்" என்றார் பயிற்றுநர். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கலகெதர விஷயத்தை நாங்கள் ஆராய்ந்தோம், நாங்கள் கண்டறிந்தோம் என்று எழுதிக் கொடுத்தேன். அது சுற்றறிக்கையாகி எல்லாக் கிளைகளின் சுவரிலும் ஏறியது. எனக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது.

ஒப்பந்தம் முடிந்த வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. பார்சல் பிரிக்கும் வேகம் போதாது, சுயமுயற்சி தென்படவில்லை, நிரந்தரமாக்க முடியாது. போன் பேசியதால்தான் வேகம் குறைந்தது என்று எனக்குத் தெரியும். மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் அந்த 'நாங்கள்' யார் என்று கேட்பார்கள். நான் எழுதவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

"சேர், சுவத்துல 'நாங்கள்'னு போட்டிருக்கே, அதுல நானும் இருக்கேனா?"

"இருக்கீங்க தங்கச்சி."

"அப்ப இந்தக் கடிதமும் நம்ம எல்லாருக்கும்தானே வந்திருக்கணும்" என்று சொல்லி, அதை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.