மீன் தொட்டி லைட் எத்தனை ஆம்பியர்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். மோட்டார் சத்தத்தை வைத்தே எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பென்ஷன் எடுத்த மறுமாதமே ஒரு மீன் தொட்டி லைட் என் மானத்தை வாங்கியது.

தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் கொழுந்து எடுக்கும் புஷ்பா போன் பண்ணினாள்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க. தெனமும் ஆறு மணிக்குத் தொட்டி லைட்டப் போட்டா, செத்த நேரத்துல பிரேக்கர் விழுந்து வீடே இருட்டாயிருது. இன்னைக்கும் விழுந்தா தொட்டிய யாருக்காவது தூக்கிக் குடுத்துருவேங்கிறாரு இவரு."

'இவரு' என்பது அவள் புருஷன் சிவலிங்கம், தோட்டத்து லொறி டிரைவர். நான் போனபோது, மீன்களைப் பிடிக்க வாளியும் வலையும் தயாராக வைத்திருந்தார். தொட்டியில் ஏழு கோல்ட் பிஷ். ஏழுக்கும் பேர் வைத்திருந்தாள் புஷ்பா. மலையிலிருந்து வந்து காலைக் கழுவியதும் அதன் முன்னால்தான் உட்காருவாளாம்.

வயரை வெளியிலிருந்து கவ்வியே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்து லைட் வயரில் மாட்டினேன். பூச்சியம்.

"லைட் கரண்டே குடிக்கல" என்று பெரிய ஜட்ஜ் மாதிரி தீர்ப்புச் சொன்னேன்.

புஷ்பா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "குடிக்காமலா அண்ணே எரியுது?"

சிவலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பெக்டரி மோட்டாருக்கு ஒவ்வொரு வயரும் தனியாகப் போகும். வீட்டு வயரில் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே உறைக்குள். சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துப் பூச்சியம்தான் காட்டும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு நானே நூறு தடவை சொன்ன பாடம் இது.

வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து நானே செய்த எக்ஸ்டென்ஷன் ஒன்று பையிலேயே கிடந்தது. அதில் லைட்டைச் செருகி, சின்னக் கரண்ட் பத்து மடங்காகத் தெரிய, ஒரு வயரை மட்டும் மீட்டர் வாயில் பத்துச் சுற்றுச் சுற்றினேன். 0.8 காட்டியது. பத்தால் வகுத்தால் 0.08 ஆம்பியர். மோட்டாரோடு பார்த்தால் கொசுக்கடி.

"அப்ப எதுக்குங்க லைட்டப் போட்டதும் விழுது?" என்றார் சிவலிங்கம். நியாயமான கேள்விதான்.

"லைட்டுக்கு முன்னாடி என்னென்ன போடுவீங்க?"

புஷ்பா சொன்னாள்: "ரைஸ் குக்கர் போடுவேன். அப்புறம் இவரு குளிக்கத் தண்ணி சுட வைக்கிற ஹீட்டரு."

அளந்தேன். குக்கர் நாலு, ஹீட்டர் எட்டே முக்கால். பிரிட்ஜும் டீவியும் வேறு. வீட்டுக்கே ஒரு பழைய பத்து ஆம்பியர் பிரேக்கர்தான். லோட் கொஞ்சம் கூடினால் பிரேக்கர் உடனே விழாது. உள்ளே மெல்ல மெல்லச் சூடேறி, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் விழும். அந்த நேரம் பார்த்துப் புஷ்பா லைட்டைப் போடுவாள். பழி மீனுக்கு.

சொன்னால் சிவலிங்கம் நம்புகிற ஆளில்லை. தொட்டி லைட்டின் பிளக்கைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். குக்கரையும் ஹீட்டரையும் போட்டுவிட்டு மூன்று பேரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் போயிற்று.

டப்! வீடு இருண்டது.

"லைட்டு போடல! போடவே இல்ல!" புஷ்பா கைதட்டிக் குதித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சிவலிங்கம் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். "சோறு வெந்த பொறவு குளிச்சுக்கிறேன்" என்றார். ஹீட்டரைக் கழற்றி, பிரேக்கரைத் தூக்கிவிட்டு, தொட்டி லைட்டைத் தானே செருகினார். ஏழு மீனும் தகதகவென்று வந்து நின்றன.

சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிய நான்தான் பாதி வழியில் சிரிப்பை நிறுத்தினேன். பெக்டரியில் பிரேக்கர் விழும்போதெல்லாம் "கடைசியா எவன்டா சுவிட்ச் போட்டது?" என்றுதான் முதலில் கத்துவேன். கை தூக்கியவனுக்கு ஏச்சு. எத்தனை பேர் சும்மா வாங்கிக் கட்டிக்கொண்டார்களோ!

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, முதலில் அளந்து பாருங்கள். ஒரு வயரை மட்டும் கவ்வி அளங்கள். ஏசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அளந்த பிறகு பெரும்பாலும் ஏச ஆள் கிடைக்காது.