இறால்மீசை எழுத்து

மார்கரெட் என் சித்தி மகள். பழவேற்காடு கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறாள். அவள் பேனர்களில் ஓர் எழுத்துப் பாணி வரும்: ஒல்லியாக, உயரமாக, பட்டைப் பேனாவால் எழுதியதுபோல் சுழியில் தடித்து வாலில் மெலிந்து போகும். ஊரார் அதற்கு வைத்த பெயர் இறால்மீசை.

அழகு ஒரு பக்கம். இங்கே கல்யாணப் பேனரில் தாய்மாமன் தொடங்கிப் பங்காளி வீட்டு மருமகன்வரை எல்லார் பெயரும் வர வேண்டும். பெயர் விட்டுப்போனவர் பந்தியில் உட்கார மாட்டார். அந்த ஒடுங்கிய எழுத்தில்தான் அத்தனை பேரும் அடங்குவார்கள்.

போன ஜனவரியில் பொன்னேரி சாலையில் யாரோ ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். ‘துறைமுக விரிவாக்கத்தை வரவேற்கிறோம் – மீனவ மக்கள்.’ கீழே ஒரு பெயர்கூட இல்லை. எழுத்து மட்டும் இறால்மீசை. ஷார்ஜாவில் இருந்த எனக்கும் அந்தப் படம் வந்தது. விரிவாக்கம் வேண்டாம் என்று ஊரே போராடும்போது இவள் காசுக்குக் கை நீட்டிவிட்டாளா?

மார்கரெட்டுக்கு இனி யாரும் வேலை தரக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் சொன்னவர் ஆதிகேசவன். நான் விடுமுறையில் வந்தபோது கடை மூடும் நிலையில் இருந்தது.

“நீதான் அடிச்சியா?” என்று கேட்டேன்.

“நீயுமாக்கா? அந்த எழுத்து இன்னா என் வூட்டுச் சொத்தா? பொன்னேரியில எல்லார் கம்ப்யூட்டர்லயும் கீது.”

நியாயம்தான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேலே புது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. “தவணையில வாங்கினது” என்றாள், நான் கேட்காமலே.

அப்போது ஆதிகேசவனே படியேறி வந்தார். மகளுக்குக் கல்யாணம்.

“பொன்னேரி பேனர்காரனுக்கு நம்ம ஆளுங்க மொறை தெரியலம்மா. யாரை மேல போடணும், யாரைக் கீழ போடணும்னு ஒண்ணும் புரியல அவனுக்கு. நீயே போடு. ஆனா தடி எழுத்து. அந்த மீசை வேணாம்.”

தடி எழுத்தில் போட்டாள். பாதிப் பெயரிலேயே பேனர் நிறைந்துவிட்டது.

“என் மச்சான் எங்க?”

“எடமில்லண்ணா.”

“ஐயோ, தாலி ஏர்றதுக்குள்ள சண்டை இழுப்பானே!”

“பெருசா அடிக்கலாமா?”

“பெருசு கட்ட எங்க தெருவுல எடம் ஏது?” அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “செரி, அதையே போடு.”

“எதை?”

“அதாம்மா... மீசை.”

“ஊர்ல கேட்டா?”

“ஊரே அதுல இருக்கப்போவுது. எவன் கேப்பான்?”

மார்கரெட் எழுத்தை மாற்றினாள். பெயர்கள் நெருங்கி நின்று இடம் கொடுத்தன. ஆதிகேசவன் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு, திடீரென்று அவளைப் பார்த்துக் கேட்டார்:

“மெய்யா சொல்லு, அந்த பேனர் நீ அடிச்சது இல்லையே?”

நானும் அவளைப் பார்த்தேன்.

“உங்க மச்சானுக்கு இனிஷியல் இன்னாண்ணா?” என்றாள்.

“கே” என்றார் ஆதிகேசவன்.